குவாவ்டெபெக்கில் ஒரு விசிறி வழக்கு

மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்கு வருகிறவர்கள் தலவேரா ஓடு பதித்த தேவாலயங்களைப் பார்ப்பார்கள். கோழிக்கறி மேல் கறுப்பாக ஊற்றித் தரும் மோலே குழம்பைச் சாப்பிடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால், மேற்கே புகைந்துகொண்டிருக்கும் போப்போகாடெபெட்ல் எரிமலையைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் இதையெல்லாம் செய்தேன். ஆனால் நான் புவெப்லாவுக்குப் போனது நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் ஒரு தொழிற்சாலையின் மதில் சுவரைப் பார்க்கத்தான்.

உலகம் பீட்டில் என்று சொல்லும் ஃபோக்ஸ்வேகன் கார் மெக்சிகோவில் வோச்சோ. ஜெர்மனியில் 1978-லேயே அதன் மூடிய கூரை வகையின் உற்பத்தியை மூட்டை கட்டிவிட்டார்கள். புவெப்லாவில் 1967-இல் ஆரம்பித்தது, அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும் ஓடியது. 2003 ஜூலை 30 அன்று கடைசி வோச்சோ இந்த மதிலுக்குப் பின்னால்தான் வெளியே வந்தது. மாரியாச்சி இசைக்குழு பாட, பூமாலையெல்லாம் போட்டு வழியனுப்பினார்கள். உலகம் முழுக்கத் தயாரானவற்றில் அது 2,15,29,464-ஆவது கார். இப்போது ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் போனபோது மதிலுக்கு வெளியே ஒரு கிழவர் மாங்காய்த் துண்டுகளில் மிளகாய்த்தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியும் வோச்சோதான். முன்பக்க டிக்கி முழுக்க மாங்காய்.

தங்கியிருந்தது பக்கத்து ஊரான சோலுலாவில், ஒரு வீட்டின் மாடியறையில். கொள்ளளவில் உலகத்திலேயே பெரிய பிரமிடு அந்த ஊரில்தான் இருக்கிறது. மேலே புல்லும் மரமும் மண்டி, உச்சியில் ஒரு தேவாலயமும் உட்கார்ந்திருப்பதால் சொன்னால்தான் பிரமிடு என்று தெரியும். அந்த வீட்டுப் பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான். தாத்தா விட்டுப்போன 1990-களின் வோச்சோ அவனிடம் இருக்கிறது. அதில் ஒரு காரியம் செய்ய அவன் துடித்துக்கொண்டிருந்தான்: இன்ஜினைக் குளிர்விக்கும் பெல்ட் விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்விசிறி ஒன்றை மாட்ட வேண்டும்.

அவன் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வோச்சோ இன்ஜினில் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. காற்றை ஊதித்தான் சிலிண்டர்களைக் குளிர்விக்க வேண்டும். அந்த விசிறியைச் சுற்றுவது இன்ஜினே. தாளில் 46 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் அது. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ள இந்த மேட்டு நிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் கால் பங்கு பறிபோகிறது. மிச்சம் முப்பத்தைந்து குதிரைகள் இருந்தால் அதிகம். அதிலும் ஒரு பங்கை விசிறி தின்றால் வண்டி எப்படி மலை ஏறும்? மின்விசிறி என்றால் வேண்டும்போது சுழலும், வேண்டாதபோது சும்மா இருக்கும். தின்ற குதிரைகள் சக்கரத்துக்குத் திரும்பும். இதுதான் அவன் வாதம்.

"மெக்சிகோ சிட்டியில் தாத்தாவின் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வோச்சோ தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவரிடம் கேட்டுவிட்டுச் செய் என்று அம்மா சொல்கிறாள். வருகிறீர்களா?" என்றான். அந்த மெக்கானிக் இருக்கும் இடம் குவாவ்டெபெக் என்றதும் நான் பையைத் தூக்கிவிட்டேன். தலைநகரின் வடக்கு ஓரத்தில், குவாதலூப் மலைத்தொடரின் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பகுதிக்கு மெக்சிகோக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் வோச்சோலாந்தியா.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மெக்சிகோ சிட்டியில் புகையைக் குறைப்பதற்காக, வாரத்தில் இன்ன நாள் இன்ன எண் வண்டி ஓடக் கூடாது என்று 1989-லிருந்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பழைய வண்டிகள்மேல் அதன் பிடி இன்னும் இறுக்கம். ஞாயிறு மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

புவெப்லாவிலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நடுவில் பைன் மரக் காட்டுக்குள் சாலை 3000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. இடப்பக்கம் போப்போகாடெபெட்லும், படுத்திருக்கும் பெண் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் இஸ்தாக்சீவாட்லும் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. பையன் மூன்றாவது கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி, ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் "பார்த்தீர்களா, விசிறி தின்கிறது" என்றான். பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தப் படபடச் சத்தத்தில் ஒரு நல்ல பங்கு விசிறியுடையதுதான். அதனால் அவன் குற்றச்சாட்டு காதுக்கு உண்மை போலவே இருந்தது.

கணவாய்க்குப் பக்கத்தில் ரியோ ஃப்ரியோ என்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் வழிப்பறிக்குப் பேர்போன இடம். இப்போது பூசணிப்பூவும் சீஸும் வைத்துச் சுட்ட சோள ரொட்டிக்குப் பேர் வாங்கியிருக்கிறது. சாப்பிட நிறுத்தியபோது பையன் பின்மூடியைத் திறந்து காட்டினான்.

அந்த இன்ஜினை முதன்முதலில் பார்க்கிறவருக்கு அதில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் எதுவும் ஓடவில்லை. கறுப்புத் தகரத்தில் அரைவட்டமாக ஒரு கூடு நிற்கிறது. அதன் முன்னால் ஆல்டர்னேட்டர். நம் பக்கம் தெரியும் முனையில் ஒரு புல்லி. கீழே கிராங்க் ஷாஃப்ட்டின் பெரிய புல்லி. இரண்டையும் பிணைத்து ஒரே ஒரு பெல்ட். விசிறி கண்ணுக்குத் தெரியாது. அது ஆல்டர்னேட்டர் தண்டின் மறுமுனையில், கூட்டுக்குள் இருக்கிறது. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் விசிறி ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். இழுத்த காற்றைத் தகரக் கூடு இரண்டாகப் பிரித்து, இடமும் வலமும் படுத்திருக்கும் சிலிண்டர்களின் செதில் இடுக்குகள் வழியாகக் கீழே தள்ளுகிறது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் அலுவலகத்தில் ஃப்ரான்ஸ் ரைம்ஷ்பீஸ் என்ற பொறியாளர் 1930-களில் வரைந்த இன்ஜின் இது. கார் ஷெட் இல்லாத வீட்டுக்காரரின் வண்டி பனிக்காலத்தில் தெருவில் நிற்கும், தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்கும் என்பதால் தண்ணீரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஜெர்மன் குளிருக்காக எடுத்த அந்த முடிவு மெக்சிகோவின் உயரத்துக்கும் பொருந்திப்போனதுதான் வேடிக்கை. தலைநகரில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே பருப்பும் பீன்ஸும் வேகத் தாமதமாகும். மேட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆவி பறக்க நிற்கும் கார்களை வழியெல்லாம் பார்த்தோம். கொதிக்கத் தண்ணீரே இல்லாத வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

"காற்று மெலிந்தால் விசிறிக்கும் காற்று குறையுமே?" என்று நான் கேட்டேன். குறையும். 3000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆனால் இன்ஜின் மூச்சிழுப்பதும் அதே மெலிந்த காற்றைத்தான். அது எரிக்கும் பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறைகிறது, பிறக்கும் சூடும் குறைகிறது. விசிறியைச் சுற்றுவதற்கு ஆகும் சக்தியும் கூடவே குறைகிறது. யாரும் எதையும் திருகாமல் மூன்றும் சேர்ந்தே இறங்குகின்றன. பையன் தலையாட்டினான். ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

குவாவ்டெபெக்குக்குள் நுழைந்ததும் வோச்சோலாந்தியா என்ற பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தெருவுக்குத் தெரு வோச்சோ. சில தெருக்கள் படிக்கட்டாக இருந்திருக்க வேண்டியவை. யாரோ சிமென்ட் ஊற்றிச் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் தலைநகர் முழுக்க இந்தக் கார்தான் டாக்ஸி. வலப்பக்க முன்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகப் பின்சீட்டுக்குப் பயணிகளை ஏற்றுவார்கள். கதவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். டிரைவர் இருந்த இடத்திலிருந்தே இழுத்துச் சாத்துவார். இரண்டு கதவு வண்டிக்கு இனி டாக்ஸி உரிமம் கிடையாது என்று சொல்லி 2012-ஓடு நகரத்தில் அவற்றை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த மலைச்சரிவில் மட்டும் அவை இன்னமும் ஆள் ஏற்றுகின்றன. இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் ஓட்டும் சக்கரங்கள் மீதே விழுகிறது. ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்கிறது. புது டாக்ஸிகளின் முன்சக்கரம் வழுக்கிப் புகை கிளப்பும் மேட்டில் இது ஏறிவிடுகிறது.

மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப் ஒரு வளைவில், வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. எழுபதை நெருங்கும் மனிதர். பையன் "மாயெஸ்த்ரோ" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். அங்கே கைத்தொழில் தெரிந்தவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவன் தன் திட்டத்தை வரைபடத்தோடு விளக்கினான். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து பரணிலிருந்து ஒரு தகரக் கூட்டை இறக்கினார். விசிறி இருக்க வேண்டிய வாயில் இரண்டு சிறிய ரேடியேட்டர் விசிறிகள் பொருத்தியிருந்தன.

"நீ முதல் ஆள் இல்லை, தம்பி" என்றார்.

தரையில் ஒரு இரும்புச் சட்டத்தில் கார்புரேட்டர் வைத்த பழைய 1600 இன்ஜின் நின்றது. வோச்சோ இன்ஜினுக்கு இது ஒரு சௌகரியம். ஒரு பேட்டரியும் ஒரு கேன் பெட்ரோலும் இருந்தால் காரே இல்லாமல் ஓடும். முதலில் பெல்ட்டோடு ஓட்டினார். பழைய செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, சிலிண்டருக்குக் கீழே சூடான காற்று வெளியேறும் இடத்தில் பிடித்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டு கிடைமட்டத்துக்கு வந்தது. வேகத்தைக் கூட்டினார், தாள் கிழிந்து பறந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கூட்டை மாற்றினார்.

மின்விசிறிகளைப் போட்டதும் நானும் ஏமாந்திருப்பேன். கூட்டின் வாயருகே கையை வைத்தால் காற்று சுளீரென்று உள்ளே இழுபட்டது. சத்தமும் பலமாக இருந்தது. ஆனால் கீழே பிடித்த தாள் லேசாக ஆடியதோடு சரி. வேகத்தைக் கூட்டினார். அப்போதும் அதே ஆட்டம். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளையம்போல் ஒரு சூட்டுமானி மாட்டியிருந்தார். முள் 180 டிகிரியைத் தாண்டியதும் சாவியைத் திருப்பிவிட்டார். அலுமினிய ஹெட் 200-ஐத் தொட விடமாட்டார். இத்தனைக்கும் அந்த இன்ஜின் ஒரு பளுவையும் இழுக்கவில்லை. சும்மா நின்றபடி ஓடியது.

நம் வீட்டு அடுப்படி தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். கூரையில் சுழலும் ஃபேன் அறை முழுக்கக் காற்றை அலைக்கும். ஆனால் விறகடுப்பு பற்ற ஊதுகுழல்தான் வேண்டும். ரேடியேட்டர் விசிறி திறந்தவெளியில் நிறையக் காற்றை நகர்த்தக் கூடியது, எதிர்ப்பு வந்தால் சுருண்டுவிடும். வோச்சோவின் விசிறி ஒரு உருளைபோல இருக்கும். நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி, விளிம்புக்கு வீசி, அழுத்தத்தோடு தள்ளும். செதில்களுக்கிடையே உள்ள சில மில்லிமீட்டர் இடுக்கில் காற்று போவதற்கு அந்த அழுத்தம் இல்லாமல் முடியாது. பஜாஜ், லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் இதன் தம்பியைத் தங்கள் வண்டியிலேயே பார்த்திருப்பார்கள். மேக்னெட் சக்கரத்தின் மேல் வார்த்த அந்தச் சிறகுகள் இதே வேலையைத்தான் செய்தன.

"சரி, அதே உருளை விசிறியை ஒரு நல்ல மோட்டாரில் மாட்டினால்?" என்றான் பையன். விடுவதாக இல்லை. இது நல்ல கேள்வி. மெக்கானிக் என்னைப் பார்த்தார். கணக்கு என் பக்கம் வந்தது. செய்தித்தாளின் மீதியில் போட்டோம்.

இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது அந்த விசிறி வினாடிக்கு அரை கன மீட்டருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. பதினைந்து சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் என்று குறைத்தே வைத்தாலும், விசிறியின் இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை கிலோவாட் வேண்டும். இரண்டு குதிரைத்திறன். இதை 12 வோல்ட் மோட்டாரில் எடுக்க வேண்டுமானால், மோட்டாரின் இழப்பும் போக, 150 ஆம்பியர். இந்தக் காரின் ஆல்டர்னேட்டரால் அதில் பாதிகூடத் தர முடியாது. 1960-களில் வந்த டைனமோ வண்டிகளில் முழு வேகத்தில் 30 ஆம்பியர் வந்தால் பெரிய விஷயம். விசிறிக்குப் போக விளக்குக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியே எழாது. விசிறிக்கே போதாது.

பெரிய ஆல்டர்னேட்டர் போடலாம்தான். ஆனால் அதைச் சுற்றப்போவது யார்? அதே இன்ஜின், அதே பெல்ட். இயக்கத்தை மின்சாரமாக்கும்போது ஒரு பங்கு போகிறது. மின்சாரத்தைத் திரும்ப இயக்கமாக்கும்போது இன்னொரு பங்கு. இரண்டும் சேர்ந்து பாதி கழிந்துவிடும். பெல்ட் நேராகக் கொடுத்த இரண்டு குதிரைக்கு இப்போது நான்கு குதிரை கேட்கும். பெல்ட்டும் போகவில்லை, பார்த்தீர்களா? ஆல்டர்னேட்டர் இருக்கும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எனக்கு அதுதான் வழக்கைத் தீர்த்த சாட்சி. விசிறி தள்ளும் காற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், அதற்கு ஆகும் சக்தியோ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். மேலே சொன்ன இரண்டு குதிரைகள் 4000 சுற்றுக்கு. குவாவ்டெபெக் மேட்டில் வண்டி இரண்டாவது கியரில் 2500 சுற்றில் முனகிக்கொண்டு ஏறும்போது விசிறி தின்பது அதில் கால்வாசி, அதாவது அரைக் குதிரை. பையன் மீட்டெடுக்கக் கனவு கண்ட குதிரைகள் மலையில் இல்லவே இல்லை. இருந்தால் சமதள நெடுஞ்சாலையில், முழு வேகத்தில் இருக்கும். அங்கே அவனுக்கு அவை தேவையும் இல்லை.

பையன் தாளை வாங்கி மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தான். பிறகு அவனுடைய கடைசி ஆயுதம்: "போர்ஷே 911-க்கு மின்விசிறி மாட்டுகிறார்களே?" மாட்டுகிறார்கள். அதற்கென்றே சக்திவாய்ந்த மோட்டார், சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் மின்னணுக் கட்டுப்பாடு, மின்சாரம் தயாரிக்கத் தனி ஏற்பாடு என்று போகும் வேலை அது. அதன் விலையில் குவாவ்டெபெக்கில் சில வோச்சோக்கள் வாங்கலாம். கால் மைல் ஓட்டப் பந்தயக்காரர்கள் சிலர் பெல்ட்டையே கழற்றிவிட்டு ஓடுவதும் உண்டு. இன்ஜின் சூடாவதற்குள் அவர்கள் பந்தயம் முடிந்துவிடும். ஆனால் குதிரைத்திறனுக்காகக் கோடி கோடியாய்க் கொட்டிய போர்ஷே நிறுவனமே 1969-இல் 917 பந்தயக் காரைச் செய்தபோது, இன்ஜின் தலைக்கு மேல் ஒரு பெரிய விசிறியைப் படுக்கவைத்து, இன்ஜினாலேயே சுற்றவைத்தது. அது ஏறத்தாழ 17 குதிரைகளைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டார்கள். 1989-இல் வந்த 911-இன் 964 வகையில் விசிறிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் தனித்தனிப் பெல்ட் கொடுத்தார்கள். அப்போதும் விசிறிக்குப் பெல்ட்தான். அதே காரில் ஒரு மின்விசிறியும் உண்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயில் கூலருக்கு. எது எங்கே இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மெக்கானிக்கும் அதையேதான் வேறு வழியில் சொன்னார். "உன் தாத்தா வண்டிக்கு மின்விசிறி வேண்டுமானால் ஆயிலுக்கு வை" என்றார். காற்றால் குளிரும் இந்த இன்ஜினில் ஆயிலும் ஒரு குளிர்விப்பான். பழைய வோச்சோக்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நின்று அதன் காற்றை மறைத்தது. அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போகும் என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். 1970-களின் தொடக்கத்தில் கூலரைக் கூட்டுக்கு வெளியே ஒரு தனிப் பெட்டிக்குத் தள்ளிய பிறகு தொல்லை குறைந்தது. அதோடு பின்சக்கரத்துக்கு மேலே இன்னொரு சிறிய ஆயில் கூலர் வைத்து, சூடு ஏறினால் தானாக ஓடும்படி ஒரு மின்விசிறி போட்டால் பத்துப் பன்னிரண்டு ஆம்பியரில் காரியம் முடிகிறது. டிராஃபிக்கில் வண்டி நின்றிருக்கும்போது, பெல்ட் விசிறி மெதுவாகச் சுழலும் அந்த நேரத்தில்தான் அதன் பயன் அதிகம். ஃபியூஸ் போனாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

ஃபியூஸ் என்றதும் அவர் பேச்சு சூடு பிடித்தது. வோச்சோவின் டேஷ்போர்டில் சூட்டுமானி கிடையாது. ஆனால் சார்ஜ் குறைந்தால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. விசிறியும் ஆல்டர்னேட்டரும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் இருப்பதால் பெல்ட் அறுந்த நொடியில் அந்த விளக்கு எரியும். விசிறி நின்றது என்பதற்கு இதைவிட மலிவான எச்சரிக்கை கிடையாது. "உன் மின்விசிறியின் வயர் கழன்றால் யார் சொல்வார்கள்? பிஸ்டன் சீஸ் ஆகித்தான் சொல்லும்." நூறு பிஸ்டன் பார்த்தவரின் எரிச்சல் அந்தக் குரலில் இருந்தது.

பேச்சு முடிந்ததும் பெல்ட் மாற்றுவது எப்படி என்று பையனை எங்கள் முன்னால் செய்துகாட்டச் சொன்னார். ஆல்டர்னேட்டர் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. அதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, பின்னால் உள்ள போல்ட்டில் அண்டைகொடுத்தால் புல்லி திரும்பாது. 21 மில்லிமீட்டர் ஸ்பேனரால் நடு நட்டைக் கழற்ற வேண்டும். புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரிந்து கையில் வரும். நடுவில் மெல்லிய வாஷர்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் உள்ளேயிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளிப்பக்கம் போட வேண்டும். இரண்டு தட்டுகளும் நெருங்கும், பெல்ட் மேலேறி இறுகும். மாட்டி முடித்துக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். எடுத்த வாஷரைத் தூக்கிப் போடக் கூடாது, அந்த நட்டுக்கு அடியிலேயே தங்க வேண்டும், அடுத்த பெல்ட்டுக்கு வேண்டும். இன்ஜினியரிங் மாணவனுக்கு முதல் தடவை ஸ்பேனர் வழுக்கியது, இரண்டாவது தடவை வாஷர் எண்ணிக்கை தப்பியது. கிழவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாலையில் மலை உச்சிவரை ஒரு வோச்சோ டாக்ஸியில் போய்வந்தோம். நாங்கள் இரண்டு பேர் பின்சீட்டில், எங்களோடு காய்கறிப் பையோடு ஒரு அம்மாள். முன்சீட்டு இருந்த இடத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் நின்றது. செங்குத்தான ஒரு திருப்பத்தில் வண்டி நின்று, முதல் கியரில் மறுபடி கிளம்பியது. டிரைவர் எதையும் பொருட்படுத்தவில்லை. சிவப்பு விளக்கை மட்டும் அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதை நான் கவனித்தேன். பெல்ட் ஒன்று புதுசாக, உறை பிரிக்காமல், அவர் கண்ணாடிக்கு அடியில் தொங்கியது.

பையன் வண்டியை இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டான், ஆயில் கூலர் மாட்டுவதற்கு. அதனால் இறங்குவதற்கு 2021-இல் திறந்த காப்ளேபூஸ் என்னும் கம்பிவடப் பெட்டியைப் பிடித்தோம். ஏழு பீசோ கட்டணம். இந்தியோஸ் வெர்தெஸ் மெட்ரோ நிலையம்வரை வீட்டுக் கூரைகள் மேலேயே கொண்டுவிடுகிறது. கூரைகளில் தண்ணீர்த் தொட்டி, நாய், காயும் துணி, சிலவற்றில் பிரித்துப் போட்ட வோச்சோ பானெட். முன்பு இந்த இறக்கத்துக்கு நெடுநேரம் ஆகுமாம். மின்சாரம் இந்த மலையில் செய்திருக்கும் உருப்படியான வேலை இதுதான். அடுத்த வேலையையும் பையன் சொன்னான். படிப்பு முடிந்ததும் வோச்சோ ஒன்றை முழு மின்சாரக் காராக மாற்றப்போகிறானாம். அது சரியான யோசனை. இன்ஜினே போய்விட்டால் விசிறி வழக்கும் இருக்காது.

அதுவரை, உங்களிடமோ உங்கள் தெருவிலோ காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வேகன் ஒன்று இருந்தால், பெல்ட் விசிறியில் கை வைக்காதீர்கள். செதில்களில் சேரும் ஆயில் கலந்த தூசியை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், தகரக் கூட்டில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூடுதலாக ஒரு பெல்ட்டும் 21 நம்பர் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க்வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.